நிழலுக்கு வாங்கிய கண்ணாடிப் பலகைகள்

எங்கள் லைனில் ஆறு வீடுகள். ஆறு வீட்டுச் சுவரிலும், நின்று கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஒரே மாதிரி ஒரு கை அழுக்கு இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மறையும். மாசி பிறப்பதற்குள் திரும்ப வந்துவிடும். குடிவந்த புதிதில் ஈரத்துணியால் அதைத் துடைத்துப் பார்த்தேன். நாலாம் நாள் மங்கலாகத் தெரிந்தது, பத்தாம் நாள் நன்றாகவே தெரிந்தது. துடைப்பதை விட்டுவிட்டு அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன். அன்று சாயங்காலம் பனியன் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் காலண்டர் பாயின் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. வீடு பூட்டித்தான் இருந்தது.

அது வீட்டுக்கார அக்காவின் கை. ஆறு வீட்டுக்கும் அவரிடம் இன்னொரு சாவி உண்டு.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. கை மட்டும் அந்த உடம்புக்குச் சேராத மாதிரி பெரியதாக, விரல் நீண்டு இருக்கும். கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது என்றார்கள். முதல் வீட்டில் தனியாக இருந்தார். மற்றவர்கள் பார்த்ததும் "சாப்ட்டீங்களா" என்று கேட்பார்கள். இவர், "ஊடு ஆறுச்சா அம்மணி?" என்று கேட்பார். ஆறியதா என்றால் சூடு இறங்கியதா என்று. வேலம்பாளையத்தில் அந்தக் காலத்து லைன் வீடுகள் எல்லாமே சிமெண்ட் ஷீட் போட்டவை. சித்திரையில் காலை பத்து மணிக்குக் கூரை சுட ஆரம்பித்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் உள்ளே உட்கார முடியும். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். அதனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மார்கழியிலும் அதையேதான் கேட்டார்.

ஒரு நாள் மத்தியானம் தலைவலி என்று பர்மிஷன் கேட்டுக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டேன். என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அக்கா கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி நின்றுகொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேக்கால செவுரு உனக்குக் கெட்டது. அதுக்கிட்ட தலை வெச்சுப் படுக்காதே" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். நான் அன்றைக்கே எல்லாச் சாமானையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. குறைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாய் அதிகம். "அந்தம்மாவுக்கு ஆள் வேண்டாம் பாத்துக்க. செவுரு போதும்" என்பாள். "நம்ம மாமியாருங்க எல்லாம் மருமகளைத் தொட்டுப் பாக்க மாட்டாவ. இது செவுத்தையே பிரியமாத் தடவுது."

நானும் சிரித்தேன். மூன்றாம் நம்பர் வீட்டு விஷயம் நடக்கும் வரைக்கும்தான் அது.

மூன்றாம் வீட்டில் ஓர் அயர்ன் மாஸ்டர் தனியாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். உச்சி வெயில். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா லைனைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தினமும் அந்த நேரத்துக்கு வீடு வீடாக வெளிச்சுவரில் கை வைத்துக்கொண்டு சுற்றுவார். மூன்றாம் வீட்டுச் சுவரில் கை வைத்தவர் எடுக்கவில்லை.

"இது வெயிலுச் சூடு இல்லீங்க" என்றார்.

"வேற என்ன சூடுங்கக்கா?"

"வெயிலு மேலருந்து எறங்கும். இது நடுவால நிக்குது."

சாவியைத் தேடக்கூட நிற்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னார். உள்ளே சுவரோரம் மேஜையில் இஸ்திரிப் பெட்டி, அதன் அடியில் நாலாக மடித்த கம்பளி கருகிப் புகைய ஆரம்பித்திருந்தது. அந்த ஆள் சட்டை தேய்க்கும்போது கரண்ட் போயிருக்கிறது. சுவிட்சை அணைக்காமல் போய்விட்டார். அப்புறம் கரண்ட் வந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் லைனே எரிந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அக்காவை ஒருவர் கையெடுத்துக்கூடக் கும்பிட்டார். அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகும் அவர் அந்தச் சுவரில் கை வைத்தபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவர் ஆறுகிற வரைக்கும் நின்றார்.

ஆறாம் நம்பர் வீட்டை அவர் யாருக்கும் விட்டதில்லை. வேலை தேடிப் பஸ் பஸ்ஸாக ஆள் வந்து இறங்கிய காலம் அது. மாட்டுக்கொட்டாயைக் கழுவிவிட்டு வாடகைக்கு விட்டார்கள். இவர் மட்டும் ஒரு நல்ல வீட்டைப் பூட்டிப் போட்டிருந்தார். தினமும் மத்தியானம் லைனைச் சுற்றி முடித்துவிட்டு அதைத் திறந்து உள்ளே போவார். ஒரு மணி நேரம் கழித்து வருவார்.

"அவ புள்ள அதுலதான் செத்துச்சாம்" என்று செல்லக்கனி சொன்னாள். பழைய ஆள் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். "கைக்கொழந்தை. ஒரு சித்திரையில. அதுக்குப் பொறவு அதுல ஆளே ஏத்தலையாம்."

அடுத்த கோடையில் ஒரு நாள், பழைய இரும்புக் கடை பாய் ட்ரைசைக்கிளில் எட்டுக் கண்ணாடிப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றும் ஒரு ஆள் மார்பளவு நீளம், கறுப்பு நீலம், மேலே வெள்ளிக் கோடுகள். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு முதலாளி வெளிநாடு போய் வந்து, கரண்ட் போனாலும் விளக்கெரிய வேண்டும் என்று பங்களா மொட்டை மாடியில் மாட்டியது. பேட்டரி செத்துப்போனது. சரிபண்ண ஆள் தெரியவில்லை. கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். சோலார் என்ற வார்த்தையையே நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

லைனுக்கு ஒயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன் ஆசையாகத் தடவிப் பார்த்தார். "அக்கா, ரெண்டு பேட்டரி மட்டும் வாங்கிக் குடுங்க. ரெண்டு லைட்டு, ஒரு சின்ன ஃபேனு, நானாச்சு."

"எனக்குக் கரண்டு வேண்டாங்க. நெழலு போதும்."

"நெழலுக்கா? அதுக்குத் தென்னந்தடுக்கு போட்டா ஆகாதுங்களா?"

"தடுக்கு போட்டுப் பாத்துட்டனுங்க. எலி கூடு கட்டுது. காத்துக்குப் பறந்துருது. சாக்குப் போட்டன், மக்கிப்போச்சு. இது மக்காதுல்ல?"

ஆறாம் வீட்டுக் கூரையின் மேல் இரும்பு ஆங்கிள் அடித்து எட்டுப் பலகையையும் படுக்க வைத்தார்கள். ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும் என்று அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஏணியில் ஏறி அவரே கையை உள்ளே விட்டுச் சாண் போட்டுப் பார்த்தார். ஒரு மூலையில் நாலு விரல் குறைந்திருந்தது என்று எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டச் சொன்னார்.

"வானத்துக்கே கண்ணாடி மாட்டியாச்சு" என்றாள் செல்லக்கனி. "இனிமே சாமியெல்லாம் இங்கன வந்துதான் தலை சீவும்."

மறுவாரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்து முதலில் ஐந்தாம் வீட்டுச் சுவரில் வைத்தார். கையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. பிறகு ஆறாம் வீட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். அதே வெயில், அதே செங்கல், அதே ஷீட். ஆனால் ஐந்தாம் வீட்டில் சித்திரையும் ஆறாம் வீட்டில் தையும் நடக்கிற மாதிரி இருந்தது. அறை நடுவே கொக்கியில் ஒரு தொட்டில் தொங்கியது. துவைத்து மடிப்புக் கலையாத சேலையில் கட்டிய தொட்டில். உள்ளே ஒன்றும் இல்லை. ஆடவும் இல்லை.

"உன்ற கொழந்தைக்குத்தான்" என்றார். அந்த அறைக்குள் அவர் குரல் தாழ்ந்துதான் வரும்.

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியுங்கக்கா?"

"கையைப் புடிச்சேனல்ல. ரெண்டு பேரு சூடு தெரியாதா?"

அதிலிருந்து பிரசவம் வரைக்கும் நான் அவர் கை படாமல் விலகி விலகி நடந்தேன்.

பாப்பா ஐப்பசியில் பிறந்தாள். மார்கழியில் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலைப் பனியில் எங்கள் வீட்டு ஷீட் வேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டில் மேல் விழுந்தது. பாப்பாவுக்குச் சளி கட்டி நெஞ்சு கரகரத்தது. பிளாஸ்டிக் தாளைக் கட்டிப் பார்த்தோம். தண்ணீர் தேங்கி மொத்தமாகக் கொட்டியது. அக்கா வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆறாம் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இங்க சொட்டாது. மேல பலகை மூடியிருக்குதல்ல, பனி பலகை மேல உழுந்துரும். ஷீட்டு ராத்திரியெல்லாம் வெதுவெதுன்னு கெடக்கும். ஆனாக் காலையில பத்து மணிக்கு மேல இவளை வெளிய தூக்கிட்டு வந்துரோணும். மத்தவங்க ஊட்டுக்கெல்லாம் வெயிலு எறங்கும், இந்த ஊட்டுக்கு எறங்காது. கெணத்துக்குள்ள கெடக்குற மாதிரி ஆயிரும்."

அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது. மார்கழி முழுவதும் நானும் பாப்பாவும் அங்கே படுத்தோம். பத்து மணி ஆனதும் அக்கா வந்து கதவைத் தட்டுவார். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. பாப்பாவின் சளி போய்விட்டது. அவர் சொல்கிறபடி கேட்டால் நல்லதுதான் நடக்கிறது என்று தெரிந்தும், அந்தத் தொட்டிலில் என் பிள்ளையைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் என் கை தயங்கியது.

மாசியில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. போகாவிட்டால் பனியன் செக்கிங்கில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பிள்ளையைப் பார்க்க எங்களுக்கு ஆள் இல்லை. அக்கா, "நான் பாத்துக்கறன்" என்றார். வேறு வழி இல்லாமல் சரி என்றேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்கு ஓடி வருவேன். நேராகப் போகாமல் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

அக்கா முக்காலியில் நின்றுகொண்டிருப்பார். ஒரு கை மேலே ஷீட்டில். இன்னொரு கை கீழே பாப்பாவின் வயிற்றில். தாலாட்ட மாட்டார், ஆட்ட மாட்டார். கூரையையும் பிள்ளையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, அசையாமல், உச்சி வெயில் இறங்குகிற வரைக்கும் நிற்பார். பாப்பா நன்றாகத் தூங்கும். நான் சத்தம் போடாமல் திரும்பிக் கம்பெனிக்கு நடப்பேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்து உடம்பெல்லாம் சீழ் வைத்த அந்தச் சித்திரையில் என் பிள்ளைக்கு ஒரு பொட்டு வரவில்லை.

"நல்லாத்தான் பாத்துக்கறாங்கல்ல, அப்பறம் என்ன புள்ளை உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா நம்ம புள்ளையைப் பாக்கறாங்களா, வேற யாரையாச்சும் பாக்கறாங்களான்னு தெரியிலீங்களே."



வைகாசி பிறந்ததும் மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து காற்று எடுத்தது. அந்தச் சாண் இடைவெளிக்குள் காற்று புகுந்து வெளியேறும்போது, போன வருடம் நான் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு சத்தம் வந்தது. ஊளை இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு பொம்பளை தாலாட்டுகிற மாதிரி, வார்த்தை இல்லாமல், ஏறி இறங்கி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைத்த பிறகும் கேட்கும். பாப்பா அதைக் கேட்டால் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கும். சிரிக்கும். பிள்ளை கூரையைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நான் என்னத்தைச் சொல்ல" என்றாள் செல்லக்கனி. "கூப்பிடுதுட்டி அது."

என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அக்கா கோவிலுக்குப் போயிருந்தபோது, அவர் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தார். பனியன் துணி வெட்டி மிஞ்சிய துண்டுகள். எங்கள் ஊரில் எந்தச் சந்துபொந்தை அடைக்கவும் அதுதான். கதவிடுக்கு, ஜன்னல் ஓட்டை, தண்ணீர்க் குழாய், எல்லாவற்றுக்கும். ஏணி போட்டு ஏறி, பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவே நாலு பக்கமும் இறுக்கி அடைத்தார். சத்தம் பட்டென்று நின்றது. அன்று ராத்திரி நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். காற்று அடங்கிய பிறகுதான் அக்கா திரும்பி வந்தார், அவரிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மடத்துக்குளத்தில் அக்காவின் அண்ணன் மகளுக்குச் சீர். காலையிலேயே கிளம்பியவர், ஆறாம் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். போவதற்கு முன் சுவரில் கை வைத்துப் பார்த்தார். பத்து மணிகூட ஆகவில்லை, வெயில் ஏறவில்லை, சுவர் குளிர்ந்துதான் இருந்தது.

"மத்தியானம் பாப்பாவை இங்கதான் போடோணும். உன்ற ஊட்டுல வேண்டாம். ஜன்னலைச் சாத்திரு, வெளிய அனல் காத்து. கதவையும் சாத்திக்க. தெரிஞ்சுதா சாமி?"

"சரீங்கக்கா."

அவர் தெருமுனை போய்த் திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்தேன்.

அந்த வாரம் ஷிப்மென்ட் என்று ஐந்து நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்திருந்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குப் பாப்பாவுக்குப் பால் கொடுத்து, ஆறாம் வீட்டுத் தொட்டிலில் போட்டு, ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டுக் கீழே வெறுந்தரையில் படுத்தேன். அறை எப்போதும்போல் இல்லை என்று ஒரு எண்ணம் வந்தது. எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு எண்ணம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அதை நான் மதிக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

கதவு அடித்துத் திறந்த சத்தத்தில் கண்ணைத் திறந்தேன். வாசல் வெளிச்சத்தில் அக்கா நின்றார். சீருக்குப் போகக் கட்டிய பட்டுச்சேலை. தலைப்பூ வாடித் தொங்கியது. நான் எழுந்திருக்குமுன் தொட்டிலிலிருந்து பாப்பாவை எடுத்துவிட்டார். பாப்பாவின் தலை அவர் கையில் துவண்டு விழுந்தது. உடம்பு சிவந்திருந்தது, வேர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அழவில்லை.

என் உடம்பெல்லாம் நனைந்து சேலை ஒட்டியிருந்தது. அப்போதுதான் அறை எவ்வளவு கொதிக்கிறது என்று எனக்கு உறைத்தது.

அக்கா வேப்பமரத்தடிக்கு ஓடினார். தொட்டித் தண்ணீரில் தன் பட்டுச்சேலை முந்தானையை முக்கிப் பாப்பாவின் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினார். செல்லக்கனி சட்டைப் பெட்டி அட்டையை எடுத்துவந்து விசிறினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். நிற்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பாப்பா வாயைக் கோணி, ஒரு தடவை மூச்சை இழுத்து, அழுதது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வரை வைத்திருந்தார். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அக்கா ஏணியைச் சாய்த்து ஏறினார். அடைத்திருந்த துணியைப் பிடித்துப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். துணி அப்போதும் சூடாக இருந்தது. நான் கீழே நின்று, நாங்கள்தான் அடைத்தோம், அந்தச் சத்தத்துக்குப் பயந்து அடைத்தோம் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"கறுப்புப் பலகை வெயிலைக் குடிச்சுப்போடும்" என்றார் மேலிருந்து. திட்டுகிற குரல் இல்லை. "குடிச்சதைக் காத்துக்குக் குடுக்கோணும். காத்தை அடைச்சுப்போட்டா அது என்ன பண்ணும், கீழ துப்பும். கதவு ஜன்னலைச் சாத்தச் சொன்னவ நானு. துப்புனது பூரா உள்ளயே நின்னுருச்சு."

இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து என் வாய்க்குள் இருந்ததைக் கேட்டேன்.

"மடத்துக்குளம் போனவங்களுக்கு இங்க நடந்தது எப்படீங்கக்கா தெரிஞ்சுது? யாரு சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லுலீங்க அம்மணி."

"அப்பறம்?"

"நான் பல்லடத்துல எறங்கிட்டன்." வாடிய தலைப்பூவைப் பிய்த்துக் கீழே போட்டார். "எப்பப் போனாலும் பல்லடத்துல எறங்கிருவன். எதுத்தாப்புல வர்ற பஸ்ஸுல ஏறித் திரும்பி வந்துருவன். பதினெட்டு வருசமாச்சு, அண்ணன் ஊடு வரைக்கும் ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை. கல்யாணம், சாவு, எதுக்கும். அவியளும் இப்பெல்லாம் எதுக்கு வரலீன்னு கேக்கறதில்லை."

"ஏனுங்கக்கா?"

"அன்னைக்கும் அண்ணன் ஊட்டுக்குத்தான் போனன். கொழந்தையை இங்க தூங்க வெச்சு, மாமியாகிட்டச் சொல்லிப்போட்டுப் போனன். பல்லடத்துல பஸ்ஸு நின்னப்ப மனசு என்னமோ பண்ணுச்சு. எறங்கலாமான்னு இருந்துச்சு." அவர் எழுந்துகொண்டார். "எறங்கலீங்க."

அன்று இரவு பாப்பா என் பக்கத்தில் நன்றாகத் தூங்கியது. அக்காவைப் பற்றி இத்தனை நாள் நினைத்ததற்கெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. செல்லக்கனியும், "இனிமே அந்தம்மாவை ஒரு வார்த்தை சொன்னா என் நாக்கு அழுவிரும்" என்றாள். உலகத்தில் என் பிள்ளையை நம்பி விடக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலை கம்பெனிச் சங்கு ஊதுமுன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டு வாசலுக்குப் போனேன்.

அக்கா கதவைப் பாதி திறந்தார். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"வேண்டாங் கண்ணு. நீயே வெச்சுக்க."

"ஏனுங்கக்கா? கோவமுங்களா?"

"கோவம் என்ன கோவம்." அவர் பாப்பாவைப் பார்க்கவில்லை. "இத்தனை வருசமும் நான் திரும்பி வந்து கதவைத் தொறப்பன். வெறுந்தொட்டிலு தொங்கும். பாத்துப்போட்டு ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துக்குவன். ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சுதானே வந்தன். நேத்து தொறந்தா, கொழந்தை இருக்குது. இனி எப்பத் தொறந்தாலும் இருக்குமோன்னு பயமா இருக்குது."

கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் காம்பவுண்டை விட்டு வெளியே போய் நான் பார்க்கவில்லை. ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை. செல்லக்கனி வாங்கிவந்து வாசலில் வைப்பாள். நான் வேலையை விட்டேன். எங்கள் பாப்பாவின் அழுகை கேட்டால் முதல் வீட்டில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழும், அல்லது தாழ்ப்பாள் இரண்டு முறை திறந்து மூடும். ஒரு மாதம் அப்படி இருந்தோம். பிறகு என் வீட்டுக்காரர் பெருமாநல்லூரில் வீடு பார்த்தார்.

சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்தார். வந்து வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். போய்ட்டு வாறோமுங்க என்றேன். தலையசைத்தார்.

"போற ஊடு என்ன கூரை?"

"காங்கிரீட்டுங்கக்கா" என்றேன். சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன். "ஷீட்டு இல்லீங்க. நல்ல கனமான காங்கிரீட்டு."



"காங்கிரீட்டு பகல்ல சுடாது" என்றார். "பகலெல்லாம் வாங்கி வாங்கி உள்ள வெச்சுக்கும். எல்லாரும் படுத்ததுக்கப்பறம்தான் குடுக்கும்."

அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். பாப்பா அங்கேதான் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள், ஒரு குறையும் வரவில்லை. அந்த ஆறு வருடத்தில் ஒரு ராத்திரியாவது நான் முழுசாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது.